மலைக்காட்டின் ஆண்டுக் கணக்கு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் இலக்கியச் சுவையை வழங்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு நம்மையும் பேசுமாறு செயலாளர் பணித்தபோது பெரிதும் தயங்கினோம். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை நிறுத்திவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணச்சீட்டும் சரக்குச்சீட்டும் எழுதிக் காலங்கழித்த நமக்கு எப்பொருள் பற்றிப் பேசத் தகுதியுண்டு? கணக்கு ஒன்றே நாம் அறிந்த கலை. ஆகவே ஒரு கணக்கைப் பற்றியே பேசத் துணிந்தோம். அது பணக் கணக்கன்று. நம் நிலையத்து மேடையில் நின்றால் கண்ணெதிரே தோன்றும் நகரி மலையின் காடு, பருவந்தோறும் எவ்வளவு உழைக்கிறது, ஆண்டிறுதியில் எவ்வளவு ஈட்டுகிறது என்னும் கணக்கு. தாவர நூலை முறையாகக் கற்றவரல்லோம். ஓய்வு நேரத்தில் படித்தறிந்ததையும், கண்ணால் கண்டதையும் உங்கள்முன் வைக்கிறோம். குற்றம் பொறுத்துக் குணங் கொள்வீர்களாக.

நகரி மலையை அறியாதவர் இங்கு எவருமிலர். சென்னையிலிருந்து வண்டியில் வருவோர்க்குத் திருத்தணி கடந்ததும் அதன் சிகரம் மனித மூக்கைப்போல் எடுப்பாகத் தோன்றும். 'நகரி மூக்கு' என்று ஆங்கிலேயர் காலத்து ஏடுகளிலும் பெயர் பெற்ற சிகரம் அது. ஏறத்தாழ 850 மீட்டர் உயரமுடைய அதனை அடையாளமாகக் கொண்டு கடலில் வரும் கப்பலோட்டிகள் கரையின் திசையறிந்தனர் என்பர். இம்மலையின் கடினமான பாறைக்கு நிலநூலார் 'நகரிக் குவார்ட்சைட்' என்றே பெயரிட்டிருக்கின்றனர். பாறை கடினம், அதன்மேல் மண்ணோ மிக மெல்லிய போர்வை. பெய்த மழையை நெடுநாள் தேக்கிவைக்கும் ஆற்றல் அம்மண்ணுக்கு இல்லை. இவ்வொரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னே பயன்படும்.

இப்பொருளில் நமக்கு நாட்டம் பிறந்த வரலாறு பெருமை தரக்கூடியதன்று. ஆயினும் உள்ளதைச் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் குடியிருப்பின் கிணற்றடியில் ஓர் ஒதியமரம் நின்றது. பிள்ளைகள் ஊஞ்சல் கட்டி ஆடிய மரம். தை பிறந்ததும் இலையுதிர்த்தது. மாசி சென்றது, பங்குனியும் பாதி சென்றது. ஒரு தளிரையும் காணோம். பட்டுப்போன மரம் காற்றில் முறிந்து பிள்ளைகள் தலைமேல் விழுமே என்றஞ்சினோம். 'ஒதி பெருத்தால் உத்தரமாகுமா' என்ற பழமொழியும் நம் எண்ணத்துக்குத் துணை நின்றது. வெட்டிவிடுமாறு நாமே நம் கைப்பட விண்ணப்பம் எழுதி, அண்டை வீட்டார் எழுவரிடம் கையொப்பமும் பெற்றோம். அடுத்த வரிசையில் குடியிருந்த தெலுங்கு மூதாட்டி ஒருவர் (குடியிருப்பில் எல்லோரும் அவரை அவ்வா என்றே அழைப்போம்) நம்மை நிறுத்தி, "அது சாகவில்லை நாயனா, தூங்குகிறது. மழை வரட்டும்" என்றார். சிரித்துக்கொண்டே அப்பால் சென்றோம். மரம் வீழ்ந்தது.

வெட்டுண்ட கிளைகளில் நான்கை இழுத்துச் சென்று அவ்வா தம் ஆட்டுப்பட்டிக்கு வேலிக்கால்களாக நட்டார். ஆனியில் இரண்டு மழை பெய்தது. வேலிக்கால்கள் நான்கும் துளிர்த்தன! கிணற்றடியில் எஞ்சியிருந்த அடிக்கட்டையும் சுற்றிலும் துளிர்விட்டது. வெட்கித் தலைகுனிந்து அவ்வாவின் முன் நின்றோம். அவர் ஒரு சொல்லும் சொன்னாரில்லை. தளிரை ஒடித்து ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாளேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்து ஓராண்டுப் பேரேட்டையே மூடிவிட்ட குமாஸ்தாவின் பிழை அது. கணக்கெழுதும் நமக்கு அப்பிழை நேர்ந்ததுதான் பெரிதும் உறுத்தியது. எண்ணிப் பாருங்கள்: ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்குச் செல்லும் காவடிக் கூட்டத்தை மட்டும் கண்ட மேலதிகாரி ஒருவர், இவ்வழியிலுள்ள நிலையங்களெல்லாம் ஆண்டு முழுவதும் இவ்வாறே வருவாய் ஈட்டுகின்றன என்று எழுதினால் தகுமா? மார்கழி மாதத்து நள்ளிரவில் ஆளரவமற்ற மேடையைக் கண்டு, நிலையத்தையே மூடிவிடலாம் என்று எழுதினால்தான் தகுமா? நாள்தோறும் எழுதி, மாதந்தோறும் கூட்டி, ஆண்டிறுதியில் சரிபார்த்த பிறகல்லவா உண்மை விளங்கும்! காட்டிற்கும் அதுவே முறை. அறிவியலார் அம்முறையில்தான் காட்டின் ஒளிச்சேர்க்கையை இன்று கணக்கிடுகின்றனர்.

ஒளிச்சேர்க்கை என்பது யாது? பள்ளிப் பிள்ளைகள் நம்மினும் நன்றாகச் சொல்வர். இலையிலுள்ள பச்சையம் கதிரவன் ஒளியைப் பற்றுகிறது. வேர் அனுப்பிய நீரையும், இலைத்துளை வழியே புகுந்த கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறது. பிராணவாயுவை வெளிவிடுகிறது. மரம், பட்டை, கனி, தேன், நம் இலையில் விழும் சோறு யாவும் இச்சர்க்கரையின் வழிவந்தவையே. மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்றே முற்காலத்தார் பலர் எண்ணினர். பெல்ஜிய நாட்டுப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்பார் 200 பவுண்டு உலர்மண் இட்ட தொட்டியில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல் எடை காட்டிற்று. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648இல் இச்செய்தி அச்சாயிற்று. எடையெல்லாம் நீரிலிருந்து வந்ததென்று அவர் முடிவு கட்டினார். காற்றிலுள்ள வாயுவும் அதில் பங்குடையது என்பதை அவர் அறியவில்லை. 1779இல் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர், வெயிலில்தான் இலை இப்பணியைச் செய்கிறது என்று காட்டினார். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், வேலம்பாசி நீரில் விடும் பிராணவாயுக் குமிழிகளைத் தானே எண்ணிப் பதிவு செய்யும் கருவி அமைத்து, 1924இல் ஒளிச்சேர்க்கை பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

போஸ் எண்ணியது கண்ணாடிக் குடுவையில் இருந்த ஒரு செடியின் குமிழிகளை. ஒரு காட்டையே எவ்வாறு குடுவையில் அடைப்பது? ஒரு மரத்தில் பல்லாயிரம் இலைகள். மேலிலை வெயிலில் காய, கீழிலை நிழலில் கிடக்கிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் அடுக்கடுக்காக நிற்கும் இலைகளைப் பறித்துப் பரப்பினால், நல்ல காட்டில் அவை பல சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். இந்த இலைக்கூரை முழுவதையும் ஓர் அலுவலகமாகக் கொண்டு அதன் வரவு செலவைக் காண்பதே அறிவியலார் மேற்கொண்ட பணி.

அவர்கள் பேரேட்டிலும் நம்முடையதைப்போல் மூன்று கலங்கள் உண்டு. இலைக்கூரை காற்றிலிருந்து எடுத்த கரி முழுவதும் மொத்த வரவு. மரமும் வேரும் உயிர்வாழ்வதற்காக மூச்சுவிட்டுச் செலவழிப்பது நடைமுறைச் செலவு. வரவில் ஏறத்தாழப் பாதி இதிலேயே போய்விடுகிறது. எஞ்சுவது நிகர வரவு. இலையாக, கிளையாக, வேராக, விதையாக நிற்பது அந்த நிகர வரவே. இலை மண்ணில் விழுந்து மட்கும்போது அங்குள்ள நுண்ணுயிர்களும் தம் பங்கைச் செலவழிக்கின்றன. அதையும் கழித்தால் காடு முழுமைக்குமான மிச்சம் தெரியும்.

வரவுக்குரிய இடத்தை மரமே ஏன் மூடிவிடுகிறது? ஏன் இலையுதிர்க்கிறது? இங்கேதான் நாம் முன்னர்க் கூறிய மெல்லிய மண் நினைவுக்கு வரவேண்டும். கரியமில வாயு புகுவதற்காக இலை தன் துளையைத் திறந்தால், அதே துளை வழியே நீர் ஆவியாகி ஓடுகிறது. ஒரு கிலோ உலர்பொருளை ஆக்குவதற்குச் சில நூறு கிலோ நீரை மரம் இழக்கிறது. மழை நின்று, மண் காய்ந்து, வெயில் ஏறும் மாசி பங்குனியில் துளையைத் திறந்து வைத்தால் மரம் வற்றிச் சாகும். துளையை மூடிக்கொண்டு இலையை மட்டும் வைத்துக்கொண்டால் வரவின்றிச் செலவு மட்டும் மிஞ்சும். ஆகவே இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொண்டு, வெற்றிலையை உதிர்த்துவிடுகிறது. வருவாயில்லாக் காலத்தில் கடையை அடைத்துவிட்டு முதலைக் காத்துக்கொள்ளும் வணிகனின் அறிவு அது. மலையின் செம்மரமும் வேங்கையும் கிணற்றடி ஒதியமும் இவ்வறிவுடையவையே.

இனிக் கணக்கிடும் வழிகளுக்கு வருவோம். அவை மூன்று.

முதல் வழி தரைவழி. காட்டில் ஓரிடத்தை அளந்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளப்பது. வலைக்கூடை வைத்து உதிரிலையைத் திரட்டி எடை போடுவது. நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988ஆம் ஆண்டு முதல் 50 ஹெக்டேர் நிலத்தை இவ்வாறு கவனித்து வருகின்றனர். தொடக்கத்தில் அங்கு எண்ணப்பட்ட மரங்கள் 25,000க்கும் மேற்பட்டவை. அதுவும் நம் மலையைப்போல் இலையுதிர்க் காடுதான். யானை முறித்தது எவ்வளவு, தீ தின்றது எவ்வளவு, எஞ்சியது வளர்ந்தது எவ்வளவு என்பதெல்லாம் அப்பதிவில் அடங்கும். இவ்வழி நம்பத்தக்கது. ஆயினும் மரத்தின் பருமன் நிகர வரவில் ஒரு பகுதியைத்தான் சொல்லும். செவ்வாய்க்கிழமை எவ்வளவு வந்தது, புதன்கிழமை எவ்வளவு வந்தது என்று சொல்லாது.

இரண்டாவது கோபுர வழி. காட்டின் உச்சிக்கும் மேலே உயரும் இரும்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் நுண்கருவிகளை வைக்கின்றனர். காற்று நேராக ஓடுவதில்லை. சுழன்று சுழன்று மேலும் கீழும் செல்கிறது. கீழிறங்கும் சுழலில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது, மேலேறும் சுழலில் எவ்வளவு இருக்கிறது என்று அக்கருவி ஒரு நொடிக்குப் பத்து இருபது முறை அளக்கிறது. நிலைய வாயிலில் நின்று உள்ளே செல்வோரையும் வெளியே வருவோரையும் எண்ணுவது போலென்று கொள்ளுங்கள். பகலில் உட்செல்வது மிகுதி. இரவில் வெளிவருவது மிகுதி. அரை மணிக்கு ஒருமுறை கூட்டி, ஆண்டு முழுவதும் எழுதி வைக்கின்றனர். வாயிற்காவலர்க்குத் தெரிவது வேறுபாடு மட்டுமே. ஆகவே இரவில் காடு விடும் மூச்சின் அளவைக் கொண்டு, பகல் வெப்பத்தில் அது எவ்வளவு மூச்சு விட்டிருக்கும் என்று மதிப்பிட்டு, அதனை வேறுபாட்டோடு கூட்டி மொத்த வரவை அறிகின்றனர். மத்தியப் பிரதேசத்துப் பேதூல் காட்டிலும், தமிழகத்தில் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் இத்தகைய கோபுரங்கள் நிறுவி அளந்திருக்கின்றனர். பேதூல் தேக்கு நிறைந்த இலையுதிர்க் காடு. பிச்சாவரமோ ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது.

கோபுரத்துக்கும் குறை உண்டு. அது காண்பது தன்னைச் சுற்றிய சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் அளவுதான். காற்றசையாத இரவில் கணக்குத் தவறும். நம் நகரி மலை போன்ற சரிவுகளில், இரவின் குளிர்ந்த காற்று நீரோடைபோல் பள்ளம் நோக்கி வழிந்தோடிவிடும். வாயிலில் நிற்பவர் அறியாமல் பக்கச் சுவரேறிச் செல்லும் பயணிகளைப் போல.

மூன்றாவது விண்வழி. நம் ஊருக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலங்கள் எழுவதை நாம் அறிவோம். 2011 ஏப்ரலில் அங்கிருந்து சென்ற ரிசோர்ஸ்சாட்-2 போன்ற செயற்கைக் கோள்கள் பூமியின் காடு கழனிகளைப் படம்பிடிப்பதற்கென்றே அமைந்தவை. 1999 டிசம்பரில் அமெரிக்கர் செலுத்திய டெரா என்னும் கோளின் கருவியைக் கொண்டு, எட்டு நாளுக்கு ஒருமுறை உலகக் காடுகளின் ஒளிச்சேர்க்கை வரவையே கணக்கிட்டு வெளியிட்டு வந்தனர்.

அத்துணை உயரத்திலிருந்து இலையின் உழைப்பை எவ்வாறு அறிவது? பசிய இலை சிவப்பொளியை உண்டுவிடும். நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பொளியை உண்ணாது திருப்பியனுப்பிவிடும். திரும்பி வரும் இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு கிடைக்கும். உதாரணமாக, ஐப்பசியில் சிவப்பு நூற்றுக்கு 5 பங்கும் அகச்சிவப்பு 45 பங்கும் திரும்பி வந்தன என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 40, கூட்டுத்தொகை 50, குறியீடு 0.8. பங்குனியில் சிவப்பு 20, அகச்சிவப்பு 30 எனில் குறியீடு 0.2. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. ஆயினும் மலை முழுவதன் இலைநிலையையும் அது சொல்லிவிடுகிறது.

இதிலிருந்து வரவுக்குச் செல்லும் வழியை 1972இல் மான்டீத் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் காட்டினார். இலைக்கூரை பற்றிய ஒளியின் அளவை, அவ்வொளியைப் பொருளாக மாற்றும் திறனால் பெருக்கினால் வரவு கிட்டும் என்பது அவர் கொள்கையின் சாரம். வறட்சியிலும் கடுங்குளிரிலும் அத்திறன் குறையும். நாமே எடுத்துக்கொண்ட எண்களால் இதை விளக்குவோம். மழைக்காலத்து ஒருநாளில், இலைக்குப் பயன்படும் ஒளி ஒரு சதுர மீட்டருக்கு 8 மெகாஜூல் விழுகிறது. கூரை அதில் பத்தில் எட்டுப் பங்கைப் பற்றுகிறது. அது 6.4 மெகாஜூல். மெகாஜூலுக்கு ஒரு கிராம் கரி எனின் வரவு 6.4 கிராம். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 26 கிலோ. கோடையில் ஒளி 10 மெகாஜூல் விழுகிறது. கூரை பற்றுவதோ பத்தில் மூன்று பங்கு, அதாவது 3 மெகாஜூல். வறட்சியால் திறனும் 0.3 கிராமாகக் குறைந்தால் வரவு 0.9 கிராம், ஏக்கருக்கு நான்கு கிலோவும் தேறாது. வெயில் மிகுதி, வரவு சொற்பம்! கொட்டும் மழையில் கவிழ்த்து வைத்த குடம் போன்றது கோடைக்காடு. ஆகவே ஒருமாத வரவைப் பன்னிரண்டால் பெருக்குவது எத்துணைப் பிழை என்பது விளங்கும்.

விண்வழிக்கும் ஓர் இடையூறு உண்டு. நம் மலைக்காடு தழைத்து நிற்பது புரட்டாசி முதல் மார்கழி வரையிலான மழைக்காலத்தில். அக்காலத்தில்தான் வங்கக் கடலின் மேகம் மலையை மூடி நிற்கும். கணக்கன் மும்முரமாக எழுதும் நேரத்தில் அறைக்குத் திரையிட்டதுபோல் கோளின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே எட்டு நாளோ பதினாறு நாளோ எடுத்த படங்களைச் சேர்த்து, அவற்றுள் தெளிந்ததைத் தேர்ந்து, இடைவெளியை அண்டை நாட்களைக் கொண்டு நிரப்புகின்றனர். இன்னொரு குறையும் உண்டு. வறட்சி தொடங்கியதும் இலை பச்சையாகவே இருந்துகொண்டு துளையை மூடி வேலையை நிறுத்திவிடும். பசுமைக் குறியீடு அதை உடனே அறியாது. நாற்காலியில் சட்டை தொங்குவதைக் கண்டு குமாஸ்தா அலுவலில் இருக்கிறார் என்று நம்பும் மேலதிகாரியை ஒக்கும் அது! (இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றனர்.) இதற்கும் ஒரு வழி கண்டனர். உழைக்கும் இலை, தான் பற்றிய ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை மிக மங்கிய செவ்வொளியாகத் திருப்பி உமிழ்கிறது. 2009இல் ஜப்பானியர் செலுத்திய கோசாட் கோளின் பதிவுகளிலிருந்து இவ்வொளியின் உலகப் படத்தை 2011இல் முதன்முறையாக வரைந்தனர். 2014 ஜூலையில் அமெரிக்கர் செலுத்திய கோள் அதனை மேலும் நுட்பமாக அளந்தது. இலை பசுமையாக இருக்கிறதா என்பதைவிட, உழைக்கிறதா என்பதை இவ்வொளி நெருக்கமாகக் காட்டுகிறது.

மூன்று வழிகளும் தனித்தனியே குறையுடையன. பணப்பெட்டியையும் சீட்டுக் கட்டையும் நாளேட்டையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து நாம் கணக்கை முடிப்பதுபோல், தரையையும் கோபுரத்தையும் விண்ணையும் ஒத்துப்பார்த்தே அவர்களும் முடிக்கின்றனர். அப்போதும் திருத்தம் வரும். உலகத் தாவரங்களின் ஓராண்டு மொத்த வரவு 12,300 கோடி டன் கரி என 2010இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு அது 15,700 கோடி டன் என்கிறது. நேர்மையான கணக்கர் திருத்துவதற்கு வெட்கப்படுவதில்லை.

காடுகளின் இப்பருவ வரவை உலகமே காணுமாறு காட்டும் இடம் ஒன்றுண்டு. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958ஆம் ஆண்டு முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து வருகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் அளவு உச்சமாகும். வட உலகக் காடுகள் தழைத்து உண்ண உண்ண, செப்டம்பர் அக்டோபரில் தாழும். அதன்பின் மீண்டும் ஏறும். பூமியே மூச்சு வாங்கி மூச்சு விடுவது போன்ற கோடு அது. ஆயினும் அக்கோடு ஆண்டுக்காண்டு மேலேறிக்கொண்டே செல்கிறது. 1958இல் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, இன்று 420ஐக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் சேர்க்கும் புகையைக் காடுகளால் முழுவதும் வாங்கிக்கொள்ள இயலவில்லை. எந்தக் காடு எந்தப் பருவத்தில் எவ்வளவு வாங்குகிறது என்று அறிய அறிஞர்கள் இவ்வளவு பாடுபடுவது இதனால்தான்.

அன்பர்களே, இக்கணக்கு நமக்கெதற்கு என்று கேட்கலாம். தவறான கணக்கு உயிரையும் குடிக்கும் என்பதை இப்பகுதியில் வாழும் நாம் அறிவோம். திருப்பதி மலையை உள்ளிட்ட சேஷாசலக் காடு 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே இக்கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியில்தான். அம்மரத்துக்கு வெட்டிய பின்னரே விலை என்னும் கணக்கை நம்பியோர், வறுமையில் வாடிய தமிழ்க் கூலியாட்களைக் காட்டுக்குள் அனுப்பினர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் அக்காட்டில் காவற்படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்க் கூலிகள் மாண்டனர். அன்று நம் குடியிருப்பில் அடுப்பெரியாத வீடுகள் உண்டு. நிற்கும் மரம் நாள்தோறும் ஈட்டும் வரவு எவர் ஏட்டிலும் ஏறாதவரை, அதன் விலை கோடரியின் பின்னால்தான் தெரியும் போலும்.

தீயும் அவ்வாறே. மாசி பங்குனியில் மலை சருகாய்க் கிடக்கும்போது, 'இது செத்த காடு, எரிந்தால் என்ன' என்று எண்ணுவோர் உளர். 2014 மார்ச்சில் திருமலைக் காட்டில் பற்றிய தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்களே வரவேண்டியிருந்தது. எரிவது சருகு மட்டுமன்று. அடுத்த மழைக்கென்று கிளை நுனியில் காத்திருக்கும் அரும்பும், தரையில் முளைத்த கன்றும் எரிந்துபோகின்றன. தழைத்த காடு மழைநீரின் வேகத்தைத் தணித்து மண்ணுள் இறங்கச் செய்கிறது. நகரி ஆறு கொற்றலை ஆற்றோடு கலக்கிறது; அந்நீர் 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரியை அடைந்து சென்னை மக்களின் குடிநீராகிறது. நம்மில் பலருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் வாழ்வது அந்நகரில். மலையின் கணக்கில் நட்டம் வந்தால் அவர்கள் வீட்டுக் குடத்திலும் குறையும்.

ஆகவே தாய்மார்களையும் இளைஞர்களையும் சில வேண்டுகோள்களோடு வணங்குகிறோம். கைலாசகோனை அருவிக்கு விடுமுறையில் செல்லும்போது சமைத்த அடுப்பை நீரூற்றி அணைத்துவிட்டே திரும்புங்கள். இலையுதிர்ந்த மரத்தை வெட்டச் சொல்லி எவரேனும் விண்ணப்பம் கொண்டுவந்தால், ஆடி வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அல்லது கத்தியால் பட்டையைச் சற்றே கீறி, உள்ளே பசுமை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாம் அன்று அதைக்கூடச் செய்தோமில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு நிலைய மேடையின் ஒரே இடத்தில் நின்று, கைபேசியால் மலையை ஒரு படம் எடுங்கள். குடியிருப்பிலுள்ள ஒரு மரத்தைத் தேர்ந்து, அதில் தளிர் எத்தனை பங்கு, முதிர்இலை எத்தனை பங்கு, பூ உண்டா, காய் உண்டா என்று ஏட்டில் எழுதுங்கள். சீசன்வாட்ச் என்னும் பெயரில் நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் இவ்வாறு எழுதியனுப்பி வருகின்றனர். அடுத்த ஆண்டு விழாவில் உங்கள் ஐம்பத்திரண்டு படங்களையும் வரிசையாக இம்மண்டபத்துச் சுவரில் ஒட்டுவோம். ஒட்டும் பசைச் செலவு நம்முடையது.

கிணற்றடி ஒதியம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அடிக்கட்டையிலிருந்து கிளைத்த போத்துகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்தோம். அது இன்று கூரையளவு உயர்ந்திருக்கிறது; ஊஞ்சல் தாங்க இன்னும் சில ஆண்டுகள் செல்லும். இவ்வாண்டும் தையில் இலையுதிர்த்தது. பங்குனியில் புதிதாக நம் குடியிருப்புக்கு வந்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த மரம் பட்டுப்போயிற்றே" என்றார். அவ்வா இப்போது நம்மிடையே இல்லை. அவர் சொன்னதையே நாம் அவருக்குச் சொன்னோம்.